ஆர்.வி. கேஸ் ரெகுலேட்டர்: உள்ள என்ன நடக்குது, எப்படி செக் பண்றது, எப்ப மாத்துறது

ஆர்.வி. (உள்ளயே சமைச்சு, தூங்கி, தங்கிக்கிற மாதிரி செஞ்ச பயண வண்டி) புதுசா வாங்குனவங்க அடுப்பு, ஃபர்னஸ் (வண்டிக்குள்ள சூடேத்துற கேஸ் ஹீட்டர்), ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து கத்துக்குவாங்க, ஆனா இந்த நாலுக்கும் கேஸ் போற வழியில சிலிண்டர் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள்ள உக்காந்திருக்கிற ரெகுலேட்டரை யாரும் கண்டுக்கிறதே இல்ல. ஃபர்னஸ் பத்திப் பத்தி அணையுதுன்னா ஃபர்னஸைக் கழட்டுறாங்க, ஃபிரிட்ஜ் கேஸ்ல ஓட மாட்டேங்குதுன்னா சர்க்யூட் போர்டை மாத்துறாங்க, எல்லாச் செலவும் முடிஞ்சப்புறம் பார்த்தா கேஸ் பிரஷரே சரியா வந்திருக்காது. அதனால இங்க நான் சுத்திச் சுத்தி சொல்லப் போறது இதுதான்: கேஸ்ல ஓடுற எதுல பிரச்சினை வந்தாலும் முதல்ல பிரஷரை அளந்துடுங்க, அளக்காம ரெகுலேட்டர்ல ஒரு ஸ்க்ரூவைக் கூட தொடாதீங்க.

முதல்ல சிலிண்டருக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்துடுவோம்

சிலிண்டருக்குள்ள புரொபேன் திரவமாத்தான் இருக்கு. வெளிய விட்டா மைனஸ் 42 டிகிரி செல்சியஸ்லயே கொதிச்சு ஆவியாயிடுற சாமான் அது, மூடுன சிலிண்டருக்குள்ள இருக்கிறதால ஆவி மேல சேர்ந்து அழுத்திக்கிட்டு இருக்கு, அந்த அழுத்தத்துலதான் மிச்சம் திரவமாவே நிக்குது. மேல இருக்கிற ஆவியைத்தான் நாம எடுத்து எரிக்கிறோம், எடுக்க எடுக்க கீழ இருக்கிற திரவம் கொதிச்சு அந்த இடத்தை நிரப்பிக்கிட்டே வரும்.

இந்த ஆவியோட அழுத்தம் ஒரே மாதிரி நிக்காது, முழுக்க முழுக்க வெப்பநிலையைப் பொறுத்தது. 21 டிகிரி இருக்கிற நாள்ல 100 பி.எஸ்.ஐ.க்கு (ஒரு சதுர இன்ச்சுக்கு எத்தனை பவுண்டு அழுத்தம்ங்கிற அளவு) மேல இருக்கும், 38 டிகிரி வெயில்ல 170 பக்கம் போயிடும், மைனஸ் 18 குளிர்ல 25 பக்கம் இறங்கிடும். இவ்வளவு ஏறி இறங்குற சரக்கை வெச்சுக்கிட்டு அடுப்புக்கு என்ன கொடுக்கணும்னா வெறும் 0.4 பி.எஸ்.ஐ. கிட்டத்தட்ட 250 மடங்கு குறைக்கணும், அதுவும் வெயில் அடிச்சாலும் பனி பெஞ்சாலும், ஒரு பர்னர் எரிஞ்சாலும் எல்லாம் சேர்ந்து எரிஞ்சாலும் அதே 0.4 நிக்கணும். ரெகுலேட்டர் செய்யுற வேலை இதுதான்.

இவ்வளவு சின்ன அழுத்தத்தை பி.எஸ்.ஐ.ல சொன்னா சரிவராதுன்னு இன்ச் வாட்டர் காலம்னு ஒரு அளவுல சொல்லுவாங்க. யூ வடிவ டியூப்ல தண்ணி ஊத்தி ஒரு பக்கம் கேஸைக் கொடுத்தா ரெண்டு பக்கத்துக்கும் எத்தனை இன்ச் வித்தியாசம் வருதோ அதுதான் கணக்கு, 1 பி.எஸ்.ஐ. வந்து 27.7 இன்ச். அமெரிக்கா, கனடா ஆர்.வி.க்கு 11 இன்ச், இந்த நம்பரை மனசுல வெச்சுக்கோங்க. ஐரோப்பாவுல இப்ப வர்ற கேரவன், மோட்டார் ஹோம் எல்லாம் 30 மில்லிபார், ஆஸ்திரேலியாவுல 2.75 கிலோபாஸ்கல், மூணுமே ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு. உங்க வண்டிக்கு எதுன்னு சந்தேகம் இருந்தா அடுப்பு, ஃபிரிட்ஜ் ஸ்டிக்கர்ல போட்டிருப்பாங்க. இந்தக் கட்டுரையில நான் 11 இன்ச் கணக்கை வெச்சே சொல்றேன்.

இதுல இருந்து இன்னொரு விஷயமும் தெரிஞ்சுக்கலாம். அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததுதான், அளவைப் பொறுத்தது இல்ல. சிலிண்டர்ல முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும் ஒரே வெப்பநிலைன்னா ஒரே அழுத்தம், கடைசித் துளி திரவம் தீர்ற வரைக்கும். அதனால சிலிண்டர் வாய்ல மாட்டுற சின்ன டயல் கேஜ் வாங்கி அதைப் பார்த்து எவ்வளவு கேஸ் மிச்சம்னு கணக்குப் போடாதீங்க, முள் பச்சையிலேயே நின்னுட்டு ஒரு ராத்திரியில திடீர்னு விழுந்துடும். எடை போட்டுப் பார்க்கிறதுதான் சரியான வழி. சிலிண்டர் காலர்ல டி.டபிள்யூ.ன்னு ஒரு நம்பர் குத்தியிருப்பாங்க, அதுதான் காலி எடை, மொத்த எடையில அதைக் கழிச்சா மிச்சம் இருக்கிறது கேஸ். ஒரு அமெரிக்க கேலன் புரொபேன் சுமார் 4.2 பவுண்டு.

ரெகுலேட்டருக்குள்ள நடக்கிறது

வெளிய இருந்து பார்த்தா தட்டையா வட்டமா ஒரு டப்பா. உள்ள நடுவுல ரப்பர் மாதிரி ஒரு ஷீட், அதுக்கு டயஃப்ரம்னு பேர், டப்பாவை மேல கீழன்னு ரெண்டு அறையா பிரிக்குது. மேல் அறையில ஒரு ஸ்பிரிங் இருந்து டயஃப்ரத்தை கீழ தள்ளிக்கிட்டே இருக்கும், அந்த அறையில கேஸ் கிடையாது, ஒரு சின்ன ஓட்டை வழியா வெளிக்காத்து வந்து போகும். கீழ் அறையில கேஸ் இருக்கு. கேஸ் உள்ள வர்ற இடத்துல சின்னதா ஒரு துவாரம், அதை அடைக்கிறதுக்கு ஒரு ரப்பர் சீட், அந்த சீட் ஒரு லீவர் மூலமா டயஃப்ரத்தோட சேர்ந்திருக்கு.

இப்ப நீங்க அடுப்பைப் பத்த வைக்கிறீங்க, கீழ் அறையில இருக்கிற கேஸ் வெளிய போகுது, அழுத்தம் துளி குறையுது, மேல இருக்கிற ஸ்பிரிங் கை ஓங்கி டயஃப்ரம் கீழ இறங்குது, லீவர் அசைஞ்சு சீட் திறக்குது, சிலிண்டர்ல இருந்து கேஸ் உள்ள வருது. அழுத்தம் ஏறுன உடனே டயஃப்ரம் மேல போய் சீட்டை மூடிக்கும். தராசு ரெண்டு தட்டும் சமமாகிற மாதிரி ஒரு பக்கம் ஸ்பிரிங்கும் இன்னொரு பக்கம் கேஸும் சமமாகிற இடத்துல நின்னுடும், அந்த இடம்தான் 11 இன்ச். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் ஷீட்டும் சேர்ந்து வருஷக்கணக்கா இந்த வேலையை செய்யுது, எனக்கு இன்னைக்கும் இது ஆச்சரியமாத்தான் இருக்கு.

எல்லா பர்னரையும் மூடிட்டா என்ன ஆகும்? சீட் இறுக்கி மூடுறதுக்கு கொஞ்சம் கூடுதல் அழுத்தம் வேணும், அதனால 11ல இருந்து கொஞ்சம் ஏறி நிக்கும். இதுக்கு லாக்-அப் பிரஷர்னு பேர், 14 இன்ச்சைத் தாண்டக் கூடாது. சீட்ல தூசியோ ஒரு கீறலோ இருந்தா முழுசா மூடாது, கேஸ் மெதுவா கசிஞ்சு அழுத்தம் ஏறிக்கிட்டே போகும். அடுப்பை யாரும் தொடாத ராத்திரியில இது நடக்கும், காலையில பத்த வெச்சா தீ ஒரு நொடி குபீர்னு எழும்பி அப்புறம் அடங்கும். அந்த குபீரை சும்மா விட்டுடாதீங்க, ரெகுலேட்டர் போகப் போகுதுங்கிறதுக்கு முதல் அறிகுறி அதுதான்.

ஆர்.வி.ல ரெகுலேட்டர் ரெண்டு ஸ்டேஜ்ல இருக்கும். முதல் ஸ்டேஜ் சிலிண்டர் அழுத்தத்தை 10 பி.எஸ்.ஐ. பக்கத்துக்குக் கொண்டு வரும், ரெண்டாவது ஸ்டேஜ் அதை 11 இன்ச்சுக்குக் கொண்டு வரும். ஏன் ரெண்டா பிரிக்கணும்னா, 25ல இருந்து 170 வரைக்கும் ஆடுற அழுத்தத்தை ஒரே டயஃப்ரம் பிடிச்சு நிறுத்துறது கஷ்டம், ஆட்டத்தை எல்லாம் முதல் ஸ்டேஜ் வாங்கிக்கிட்டா ரெண்டாவது ஸ்டேஜுக்கு எப்பவும் ஒரே மாதிரி 10தான் வரும், அது நிதானமா வேலை செய்யும். பாக்க ஒரே பீஸா ஒட்டி வந்தாலும் உள்ள ரெண்டு தனி ரெகுலேட்டர் இருக்கு. கிரில்லுக்கு வர்ற ஒத்தை ஸ்டேஜ் ரெகுலேட்டரை அவசரத்துக்குன்னு கூட ஆர்.வி. லைன்ல மாட்டாதீங்க.

அந்த சின்ன ஓட்டை

மேல் அறைக்கு வெளிக்காத்து வர்ற ஓட்டைன்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு வெண்ட்னு பேர், ஒரு சின்ன வலை போட்டிருக்கும். டயஃப்ரம் மேல போகும்போது காத்து வெளிய போகணும், கீழ வரும்போது உள்ள வரணும். அந்த ஓட்டை அடைஞ்சா டயஃப்ரம் நினைச்சபடி அசைய முடியாது, பிரஷர் கன்னாபின்னான்னு ஆயிடும். சேறு, ஐஸ், சிலந்திக் கூடு, குளவி மண் இதெல்லாம்தான் அடைக்கிற ஆளுங்க.

அதனால வெண்ட் கீழ்ப் பக்கம் பார்த்து இருக்கணும், நேர் கீழல இருந்து 45 டிகிரிக்குள்ள இருந்தா சரி. மேல பார்த்தா மழைத் தண்ணி உள்ள நிக்கும், முன்னாடி பார்த்தா ரோட்டுச் சேறு அடிக்கும். மேல ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டுக் கொடுத்திருப்பாங்க, ஒடஞ்சிடுச்சுன்னு தூக்கிப் போட்டவங்க நிறைய பேர், தயவுசெஞ்சு புதுசு வாங்கி மாட்டிடுங்க. வண்டியை ரொம்ப நாள் நிறுத்தி எடுக்கும்போது ஒரு பழைய பல் பிரஷ்ஷால வலையை மெதுவா துடைங்க, கம்பி விட்டுக் குத்தாதீங்க, உள்ள டயஃப்ரம் கிழிஞ்சா முடிஞ்சுது.

வெண்ட் பக்கத்துல கேஸ் வாசம் வந்தா டயஃப்ரம் கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம். அதை ரிப்பேர் பண்ண முடியாது, சிலிண்டரை மூடிட்டு ரெகுலேட்டரை மாத்தணும்.

ரெண்டு சிலிண்டர் இருக்கிற வண்டி

டிராவல் டிரெய்லர்ல (இன்னொரு வண்டி பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற ஆர்.வி.) பெரும்பாலும் முன்னாடி ரெண்டு சிலிண்டர், நடுவுல ஆட்டோமேட்டிக் சேஞ்ச்ஓவர் ரெகுலேட்டர், அதாவது ஒண்ணு தீர்ந்தா அடுத்ததுக்குத் தானா மாறுறது. மேல ஒரு லீவரும் சின்ன கண்ணாடி மாதிரி ஒரு இண்டிகேட்டரும் இருக்கும். லீவர் எந்தப் பக்கம் காட்டுதோ அந்தச் சிலிண்டர்ல இருந்துதான் முதல்ல கேஸ் எடுக்கும், அது தீர்ந்து அழுத்தம் விழுந்ததும் அதுவே அடுத்த சிலிண்டரைத் திறந்துக்கும், இண்டிகேட்டர் பச்சையில இருந்து சிவப்பாயிடும். சிவப்பைப் பார்த்ததும் லீவரை நிறைஞ்ச சிலிண்டர் பக்கம் திருப்புங்க, பச்சை திரும்ப வரும், காலி சிலிண்டரோட வால்வை மூடிட்டு கழட்டி நிரப்பிட்டு வாங்க, உள்ள அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் பரவாயில்ல.

புதுசா வர்றவங்க தடுமாறுற இடம் ஒண்ணு இருக்கு. லீவரைத் திருப்புறது வால்வைத் திறக்கிறதுக்குச் சமம் இல்ல, ரெண்டு சிலிண்டர் வால்வும் திறந்திருந்தாதான் தானா மாறும். ஆனா ரெண்டையும் திறந்து வெச்சுட்டு இண்டிகேட்டரைப் பார்க்காம விட்டா ரெண்டுமே தீர்ந்து நடுராத்திரி குளிர்ல நிக்க வேண்டி வரும். அதனால தினமும் ஒரு தடவை இண்டிகேட்டரைப் பார்க்கிற பழக்கம் இல்லாதவங்க ஒரு சிலிண்டரை மட்டும் திறந்து வெச்சு, தீர்ந்ததும் கையால மாத்திக்கிறது நல்லதுன்னு நான் சொல்லுவேன். கொஞ்சம் தொந்தரவுதான், ஆனா இன்னொரு சிலிண்டர் தொடாம மிச்சம் இருக்குன்னு எப்பவும் தெரியும்.

இன்னொண்ணு, இண்டிகேட்டர் பார்க்கிறது அழுத்தத்தைத்தான், கேஸ் அளவை இல்ல. கடுங்குளிர்ல ஃபர்னஸ் விடாம ஓடும்போது சிலிண்டர் சில்லுனு ஆகி அழுத்தம் விழுந்தா பாதி கேஸ் இருக்கும்போதே சிவப்பு காட்டலாம். நிரப்பப் போறதுக்கு முன்னாடி தூக்கிப் பாருங்க.

பெரிய மோட்டார் ஹோம்ல (சொந்த இன்ஜினோட வர்ற ஆர்.வி.) கழட்டவே முடியாத படுக்கை டேங்க் ஒண்ணு வண்டியோட அடியில இருக்கும், அங்க சேஞ்ச்ஓவர் கிடையாது, ரெண்டு ஸ்டேஜ் ரெகுலேட்டர் ஒண்ணுதான். அந்த டேங்க் படுத்த நிலையில வேலை செய்யற மாதிரியே செஞ்சது. டிரெய்லர்ல இருக்கிற நிமிர்ந்த சிலிண்டரைப் படுக்க வெச்சா ஆவிக்குப் பதிலா திரவமே ரெகுலேட்டருக்குள்ள போயிடும், திரவம் ஆவியானா 270 மடங்கு விரியும், அடுப்புல தீ எங்க போய் நிக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஏத்திட்டுப் போகும்போது கூட நிமிர்ந்தே இருக்கட்டும். 80 சதவீதத்துக்கு மேல நிரப்பக் கூடாதுன்னு சொல்றதும் ஆவிக்கும் விரியறதுக்கும் மேல இடம் வேணும்னுதான்.

சிலிண்டரை மாட்டித் திறக்கிற முறை

உள்ள போய் அடுப்பு, ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு வாங்க. சிலிண்டர்ல இருந்து ரெகுலேட்டருக்குப் போற குட்டை ஹோஸுக்கு பிக்டெயில்னு பேர், அதை வளைச்சுப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா மாட்டவே மாட்டாதீங்க. இப்ப வர்றதுல எல்லாம் முனையில பெரிய பிளாஸ்டிக் நட் இருக்கும், க்யூசிசி1 டைப், கையாலேயே வலது பக்கம் திருகி இறுக்குனா போதும், ஸ்பேனர் வேண்டாம். பழைய பித்தளை பி.ஓ.எல். டைப்பா இருந்தா அது இடது மரை, எதிர்ப் பக்கம் திருகணும், ஸ்பேனர் வேணும். ரெண்டுலயும் டெஃப்லான் டேப் சுத்தக் கூடாது, டேப்போட துணுக்கு உள்ள போய் சீட்ல உக்காந்தா மேல சொன்ன லாக்-அப் பிரச்சினை வந்துடும்.

அப்புறம் வால்வை மெதுவா திறங்க. மெதுவான்னா உண்மையிலேயே மெதுவா. க்யூசிசி1 நட்டுக்குள்ள ஒரு பாதுகாப்பு இருக்கு, கேஸ் திடீர்னு வேகமா பாஞ்சா ஹோஸ் அறுந்துடுச்சுன்னு நினைச்சு ஓட்டத்தை அடைச்சு ஒரு நூல் அளவு மட்டும் விடும். வால்வை சட்டுனு திறந்தாலும் அதுக்கு அப்படித்தான் தெரியும். அடுப்பு மினுக்கு மினுக்குன்னு எரியும், ஃபர்னஸ் பத்தாது, புதுசா வந்தவங்க ரெகுலேட்டர் போச்சுன்னு முடிவு பண்ணிடுவாங்க. சிலிண்டர் வால்வை மூடி, எல்லா அடுப்பும் மூடியிருக்கான்னு பார்த்து, ஒரு ரெண்டு நிமிஷம் விட்டு, திரும்ப மெதுவா திறந்தா சரியாயிடும். "ரெகுலேட்டர் கெட்டுப் போச்சு"ன்னு வர்ற புகார்ல இது நிறைய இருக்கும், பைசா செலவில்லாம தீர்ற விஷயம், முதல்ல இதைச் செஞ்சு பாருங்க.

அதே நட்டுல சூடு பட்டா உருகி கேஸை நிறுத்துற ஒரு பகுதியும் இருக்கு. நட்டோட நிறத்தையும் பாருங்க, கறுப்புன்னா மணிக்கு 1 லட்சம் பி.டி.யு. (கேஸ் எரிஞ்சு கொடுக்கிற வெப்பத்தோட அளவு) வரைக்கும், பச்சைன்னா 2 லட்சம் வரைக்கும். ஆர்.வி.க்கு பச்சை வாங்குங்க.

திறந்தப்புறம் ஒவ்வொரு இணைப்புலயும் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, குமிழ் பெருசாகிக்கிட்டே போனா கசிவு. அமோனியா கலந்த கிளீனர் எதையும் இதுக்குப் பயன்படுத்தாதீங்க, பித்தளையையும் செம்பையும் அரிச்சிடும். தீக்குச்சி பத்த வெச்சுப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

கடைசியா, முதல்ல அடுப்பு பர்னரைத்தான் பத்த வைக்கணும். லைன்ல காத்து நின்னிருக்கும், அது அடுப்பு வழியா கண்ணு முன்னாடி வெளியேறி தீ நிலையா நின்னதும் மத்ததை ஆன் பண்ணுங்க. நேரா ஃபர்னஸை ஆன் பண்ணா அது ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணிட்டு லாக் ஆயிடும்.

பிரஷரை அளக்கிறது

மானோமீட்டர்னு ஒரு கருவி, டயல் வெச்சதும் இருக்கு, டிஜிட்டலும் இருக்கு. இன்ச் வாட்டர் காலம்ல காட்டுறதா, 0ல இருந்து 35க்குள்ள வர்றதா பார்த்து வாங்குங்க. சிலிண்டர் பக்கம் மாட்டுற பி.எஸ்.ஐ. கேஜ் இந்த வேலைக்கு ஆகாது.

எங்க மாட்டி அளக்கிறதுங்கிறது முக்கியம். அடுப்பு பர்னரைக் கழட்டிட்டு அந்த ஜெட்ல ஹோஸைச் சொருகி அளக்கச் சொல்லுவாங்க, ஆனா நிறைய ஆர்.வி. அடுப்புக்குள்ள அதுக்குன்னே தனியா ஒரு சின்ன ரெகுலேட்டர் இருக்கு, அது 10 இன்ச்சுக்கு செட் பண்ணி வரும். அங்க அளந்தா 10தான் காட்டும், மெயின் ரெகுலேட்டர் 11 கொடுக்குதா 16 கொடுக்குதான்னு தெரியாமலே போயிடும். அதனால ஃபிரிட்ஜ் பின்னாடி இருக்கிற டெஸ்ட் போர்ட், இல்ல வெளிய கிரில் மாட்டுற லோ பிரஷர் குவிக் கனெக்ட், இந்த மாதிரி நேரா மெயின் லைன்ல இருக்கிற இடமா பார்த்து மாட்டுங்க.

இப்ப மூணு டெஸ்ட்.

முதல்ல ஓட்டத்துல அளக்கணும். மொத்த லோடுல (எல்லா அப்ளையன்ஸும் சேர்ந்து இழுக்கிற கேஸ்ல) பாதி அளவுக்கு ஆன் பண்ணுங்க, ஃபர்னஸ் ஒண்ணே போட்டாலும் பெரும்பாலும் பாதி வந்துடும், அப்ப 11 இன்ச் காட்டணும். அப்புறம் எல்லாத்தையும் ஆன் பண்ணுங்க, துளி இறங்கலாம், 10க்குக் கீழ போனா ரெகுலேட்டர்லயோ பிக்டெயில்லயோ ஏதோ அடைப்பு. எதுவும் ஓடாதப்ப அளந்துட்டு "பிரஷர் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல, பாதி அடைஞ்ச ரெகுலேட்டர் கூட சும்மா இருக்கும்போது நல்ல நம்பர்தான் காட்டும்.

ரெண்டாவது லாக்-அப். எல்லாத்தையும் மூடிட்டு முள்ளைப் பாருங்க, 11ல இருந்து கொஞ்சம் ஏறி 14க்குள்ள நிக்கணும். நின்னுதான்னு அஞ்சு நிமிஷமாவது பொறுமையா பாருங்க. ஏறிக்கிட்டே போனா ரெகுலேட்டரை மாத்த வேண்டியதுதான், அதுல வேற பேச்சுக்கே இடமில்ல.

மூணாவது கசிவு டெஸ்ட். சிலிண்டர் வால்வை மூடிட்டு ஒரு பர்னரை லேசா திறந்து அழுத்தத்தை 8 இன்ச்சுக்கு இறக்கி மூடுங்க. 3 நிமிஷம் முள் அசையாம நிக்கணும். ஏன் 8க்கு இறக்கணும்னு நிறைய பேர் கேப்பாங்க. சிலிண்டர் வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவுல பிக்டெயில்ல ஹை பிரஷர் கேஸ் மாட்டிக்கிட்டு இருக்கும், உள்ள எங்கயாவது கசிஞ்சா அந்த கேஸ் வந்து வந்து இட்டு நிரப்பி முள்ளை இறங்க விடாது, கசிவு மறைஞ்சிடும். ரெகுலேட்டர் செட் பண்ண அளவுக்குக் கீழ இறக்குறதுக்காக அந்த கேஸையும் சேர்த்து வெளிய விட்டுடுறோம், அதுக்கப்புறம் முள் சொல்றது உண்மையா இருக்கும். வெளிய விடுற கேஸை எரிச்சே விடுங்க, வண்டிக்குள்ள சும்மா திறந்து விடாதீங்க, புரொபேன் காத்தை விட ஒன்றரை மடங்கு கனம், தரையோட தங்கி நிக்கும். அதனாலதான் கேஸ் டிடெக்டரை தரைப் பக்கத்துல மாட்டியிருக்காங்க. எப்பவாவது வாசம் வந்தா எந்த ஸ்விட்ச்சையும் போடாம, அணைக்கவும் செய்யாம, எல்லாரும் வெளிய வந்து சிலிண்டரை மூடுங்க.

மானோமீட்டர் இல்லைன்னா? கண்ணால ஓரளவு கணிக்கலாம். ஒரே ஒரு அப்ளையன்ஸ் மட்டும் தகராறு பண்ணா அது அதோட சொந்தப் பிரச்சினை, வாட்டர் ஹீட்டர் பர்னர் டியூப்ல சிலந்தி கூடு கட்டுனாலே தீ மஞ்சளாயிடும். எல்லாமே ஒரே நேரத்துல தகராறுன்னா ரெகுலேட்டர். ஃபர்னஸ் ஓடும்போது அடுப்புத் தீ குட்டையாகுதுன்னா அழுத்தம் கம்மி. தீ பர்னரை விட்டு எழும்பி சத்தம் போட்டா, இல்ல வெளிய வாட்டர் ஹீட்டர் வாய்ல கரி படிஞ்சா அழுத்தம் ஜாஸ்தியா இருக்க வாய்ப்பு இருக்கு. கரி படியறதை சாதாரணமா எடுத்துக்காதீங்க, சரியா எரியாத கேஸ்ல இருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசமே கிடையாது.

ரெண்டாவது ஸ்டேஜ் மூடியைக் கழட்டுனா உள்ள ஒரு அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்க்ரூ தெரியும், வலது பக்கம் திருப்புனா அழுத்தம் ஏறும். மானோமீட்டர் மாட்டி லோடு ஓடிக்கிட்டு இருக்கும்போது மட்டும்தான் அதைத் தொடணும், அதுவும் கால் இன்ச், அரை இன்ச் திருத்துறதுக்கு மட்டும். ரெண்டு மூணு இன்ச் விலகியிருந்தா ஸ்பிரிங்கோ டயஃப்ரமோ வயசாயிடுச்சுன்னு அர்த்தம், ஸ்க்ரூவைத் திருப்பி அதை இளசாக்க முடியாது. ரெகுலேட்டர் விலை ஃபர்னஸ் விலையோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல, மாத்திடுங்க.

குளிர்காலம்

ரெகுலேட்டர் உறைஞ்சிடுச்சுன்னு சொல்லுவாங்க, உறையறது புரொபேன் இல்ல, அதுக்குள்ள கலந்திருக்கிற தண்ணி. கேஸ் சின்ன துவாரம் வழியா பாஞ்சு விரியும்போது அந்த இடம் நல்லா குளிர்ந்து போகும், துளி ஈரம் இருந்தாலும் அங்க ஐஸாகி அடைக்கும். ரெண்டு ஸ்டேஜா பிரிச்சதுல இதுவும் கொஞ்சம் குறையுது. சிலிண்டர்ல ஈரம் இருக்குன்னு சந்தேகம்னா நிரப்புற இடத்துலயே சொல்லுங்க, மெத்தனால் சேர்த்துக் கொடுப்பாங்க. காலி சிலிண்டரோட வால்வைத் திறந்தே போடாதீங்க, ஈரக் காத்து உள்ள போறதே அப்படித்தான். உறைஞ்ச ரெகுலேட்டர் மேல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தலாம், வெண்ட்ல படாம, டார்ச் தீயைக் கிட்டவே கொண்டு போகாதீங்க.

பியூட்டேன் கலந்த கேஸ் விக்கிற ஊர்ல குளிர்ல மாட்டிக்கிட்டா ரெகுலேட்டரைக் குறை சொல்லாதீங்க, பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலேயே ஆவியாகுறதை நிறுத்திடும். குளிருக்கு சுத்தமான புரொபேன் கேட்டு வாங்குங்க.

மாத்துறது

ரெகுலேட்டர் மேல தயாரிச்ச தேதி குத்தியிருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி 10ல இருந்து 15 வருஷம்னு ஆயுசு சொல்லுவாங்க. பழைய வண்டி வாங்குனா தேதியைப் பாருங்க, தேதியே படிக்க முடியாத அளவுக்குத் துருப்பிடிச்சிருந்தா அதுவே பதில்.

புதுசு வாங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அப்ளையன்ஸ் ஸ்டிக்கர்லயும் இருக்கிற பி.டி.யு.வைக் கூட்டுங்க. உதாரணத்துக்கு ஃபர்னஸ் 30,000, வாட்டர் ஹீட்டர் 12,000, அடுப்பு எல்லாம் சேர்ந்து 20,000, ஃபிரிட்ஜ் 1,500ன்னா மொத்தம் 63,500. ரெகுலேட்டர் இதை விட தாராளமா தாங்கணும். டேங்க் இல்லாத உடனடி வாட்டர் ஹீட்டர் மாட்டியிருந்தா அது ஒண்ணே 42,000, 60,000ன்னு இழுக்கும், அதைக் கணக்குல சேர்க்க மறந்துடாதீங்க.

மாத்துற அன்னைக்கு ரெண்டு சிலிண்டரையும் மூடி, ஒரு பர்னரைப் பத்த வெச்சு லைன்ல இருக்கிற கேஸை எரிச்சுத் தீர்த்துட்டு ஆரம்பிங்க. கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அவுட்லெட் பக்கம் இருக்கிற பைப் மரைக்கு மட்டும் கேஸுக்குன்னு இருக்கிற மஞ்சள் டேப்போ பேஸ்ட்டோ போடணும், முதல் மரையை விட்டுட்டு சுத்துங்க. சாய்வா முடியுற ஃபிளேர் ஜாயிண்டுக்கு எதுவுமே போடக் கூடாது, அது உலோகமும் உலோகமும் அழுந்தியே மூடும். எப்பவும் ரெண்டு ஸ்பேனர், ஒண்ணு ரெகுலேட்டரைப் பிடிக்க, ஒண்ணு திருக. பிக்டெயில் ரெண்டையும் சேர்த்தே மாத்திடுங்க, பழைய ரப்பர்ல இருந்து எண்ணெய் மாதிரி ஒரு பிசுக்கு ஊறி வந்து புது ரெகுலேட்டரை அடைக்கும். அந்தப் பிசுக்கு திரும்ப சிலிண்டர் பக்கமே வழியற மாதிரி ரெகுலேட்டர் சிலிண்டர் வால்வை விட உயரத்துல இருக்கிறது நல்லது, ஹோஸ் நடுவுல தொங்கி வளையாம இருக்கணும். மேல இருக்கிற அம்புக்குறி கேஸ் போற திசையில இருக்கான்னும், வெண்ட் கீழ பார்த்து இருக்கான்னும் இறுக்குறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க.

கவரை மாட்டிட்டு சோப்புத் தண்ணி, ஓட்டம், லாக்-அப், 8 இன்ச் கசிவு டெஸ்ட் எல்லாத்தையும் இன்னொரு தடவை செய்யுங்க. குழாய் வேலை பழக்கம் இல்லைன்னா இந்த மாத்துற வேலையை மட்டும் சர்டிஃபிகேட் வெச்சிருக்கிற டெக்னீஷியன் கிட்ட விட்டுடுங்க, சில நாட்டுல சட்டமே அப்படித்தான் இருக்கு. யார் மாத்துனாலும் முதல் தடவை வண்டியை எடுத்துட்டுப் போய் நிறுத்துன இடத்துல, ரோட்டு அதிர்வுல ஜாயிண்ட் எதுவும் தளர்ந்திருக்கான்னு சோப்புத் தண்ணியை இன்னொரு சுத்து தடவிப் பார்த்துடுங்க.